ஒரு புள்ளி, இரண்டு புள்ளி

மொந்தெவிதேயோவில் ஜூலை.
ஆறு தன்னைக் கடலென்று நினைத்துக்கொண்டு
கரையை அறையும் வியாழக்கிழமை.
அறையில் ஆறு மருத்துவர்கள்,
நான்கு மாத்தே குடுவைகள், ஒரு திரை.
நான் குறிப்பெழுதுபவள்.
பதினோரு ஆண்டுகளாக
இங்கே என் வாய்க்கு வேலையில்லை.

எண் பதினேழு. நெலிடா எச்செவெர்ரி.
இடது மார்பு. அறுவை முடிந்தது.
இனி மருந்து ஏற்றுவதா, வேண்டாமா?
திரையில் ஒரு வட்டம் சுழன்று நின்றது:
ஏற்றினால், நூறு பேரில்
ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள்.
ஒன்பது என்றால் பேச்சேது?
டாக்டர் உபால்தோ தலையசைத்தார்,
மற்றவர்களும் அசைத்தார்கள்.
"ஒருமனதாக" என்று தட்டினேன்.

மறுநாள் வந்தாள்.
வெள்ளைக் கோல், மழையில் கனத்த கோட்டு.
பிரெயில் அச்சகத்தில்
இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறாளாம்.
படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம்
காலியாகவே கிடந்தது.
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
இயந்திரமும் கேட்கவில்லை.

"சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும்,
பெரும்பாலும் சரியாகிவிடும்"
என்றாள் டாக்டர் ஃபாபியானா.
நெலிடா மேசைவிளிம்பைத் தடவினாள்,
அந்தப் 'பெரும்பாலும்' அங்கே எங்கோ
உதிர்ந்து கிடப்பதுபோல.
"அந்தத் தாளைக் கொடுங்கள்.
என் எழுத்தில்."

அச்சாகி வர ஐந்து நாள்.
விரல் ஓடியது. நின்றது. பின்னால் போனது.
"இருபத்தொன்று என்கிறது இது.
என் கட்டி பன்னிரண்டு மில்லிமீட்டர்.
அறுத்தவர் சொன்ன எண், மறக்குமா?
ஒரு புள்ளி வந்து
பிறகு இரண்டு புள்ளி வரவேண்டும்.
இரண்டு முந்திக்கொண்டது."

தட்டியது நான்.
மகனின் பள்ளியிலிருந்து போன் வந்த மதியம்.
ஆறு ஜோடிக் கண்கள் அதைக் கடந்து போயின.
இயந்திரத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
சொன்னதை நம்பும்;
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திருத்தினோம். வட்டம் சுழன்றது.
நான்கு.

"ஒன்பது என்றால்
கண்ணை மூடிக்கொண்டு சரியென்றிருப்பேன்"
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
நாங்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றோம்.
"அந்த நான்கு பேர் யாரென்று இதற்குத் தெரியுமா?"
தெரியாது.
"விரல் போகப்போவது யாருக்கென்று?"
அதுவும் தெரியாது.
"அப்படியானால் இருட்டில்
என் பழக்கம்தான் கூடுதல்."

திங்கள்வரை அவகாசம் கேட்டாள்.
நான்காம் வகுப்புப் புவியியல் புத்தகம்,
ஆறுகள் பற்றிய பாடம் பாக்கியாம்.

அவள் போனபின்
'தொழில்' கட்டத்தை நிரப்பினேன்,
எழுத்தெழுத்தாக, இரண்டு முறை சரிபார்த்து.
'முடிவு' கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
தாள் மேசையிலேயே கிடந்தது.
கண்ணை மூடி விரலை வைத்தேன்.
மணல்போல நெருநெருத்தது.
எது ஒன்று, எது இரண்டு,
என் விரலுக்குப் புரியவில்லை.