அரை

பொரளைச் சந்தியில் கார் நின்றபோது
முள் அரைக்கு மேல் ஒரு மயிரிழை.
பின்னால் நூற்றைம்பத்துநாலாம் இலக்க பஸ்
என் பரம்பரையையே கூப்பிட்டு ஹோர்ன் அடித்தது.
பொலிஸ்காரர் கண்ணாடியில் தட்டி
எண்ணெய் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.
நான் முள்ளைக் காட்டினேன்.
முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றி முன்சீற்றில் போட்டுவிட்டுத்
தள்ளத் தொடங்கினார்.

முள் பொய் சொல்வது எனக்குத் தெரியாததல்ல.
மூன்று வருஷமாக அதை நம்பாமல்
சின்னக் கொப்பியொன்றில் கிலோமீற்றர் எழுதி
லீற்றருக்குப் பதினொன்று என்று
கழித்துக் கழித்து ஓடியவள்.
தம்பி கட்டுநாயக்காவுக்குப் போய்வந்ததை எழுதவில்லை.
அவ்வளவுதான்.

பஞ்சிகாவத்தையில் றிஸ்மியின் கராஜ்
இரண்டு பாகக் கடைகளுக்கு நடுவே ஒரு மூச்சளவு இடம்.
பின்சீற்றைத் தூக்கி வெயிலில் வைத்தான்.
அடியில் கிடந்தன
இரண்டு ஐந்து ரூபாக் குற்றி, ஒரு கொண்டைக் கிளிப்,
பெற்றோல் பங்கீட்டுக்கு எடுத்த கியூஆர் அட்டை,
லமினேற் செய்தது, இன்னும் மினுமினுப்பாய்.

வட்ட மூடியின் ஆணிகளைக் கழற்றி
டோர்ச் அடித்தான்.
"மிஸ், வந்து பாருங்க."

உள்ளே
கானில் வாங்கி ஊற்றிய எண்ணெய், ஒரு விரல் ஆழம்.
மிதவையோ
அதற்கு எவ்வளவோ மேலே, வெறும் காற்றில்,
எண்ணெய் முன்பு இருந்த உயரத்திலேயே
கையை நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏறும், மிஸ். இறங்கக்குள்ளதான் அரைவாசியில பிடிக்குது.
வரிசைக் காலத்து எண்ணெய், கண்ட கண்ட கானில வந்தது.
பிசின் கட்டியிருக்கு."

தன் மகனின் அழிறப்பரால்
செப்புத் தடத்தைத் தேய்த்தான்.
முழங்கை மடிப்பில் மருந்து அடித்து
ஆட்டி ஆட்டி இளக்கினான்.
ஓம்மீற்றரை என் பக்கம் திருப்பிப் பிடித்தான்:
நிறைந்திருந்தால் மூன்று,
காலியென்றால் நூற்றுப் பத்து.
தாங்கி வற்ற வற்றத் தடை கூடும்.
தடை என்றுதான் பள்ளியில் படித்தேன்.
அந்த வருஷம் காலிமுகத்திடலில்
அதற்கு வேறு பெயர்.

அந்த வருஷம், ஜூலையில்,
கீழ்மாடி கொறேரா
இரவு ஒன்றரைக்குக் கதவைத் தட்டினார்.
மகளுக்கு நோ கண்டுவிட்டது.
டி சொய்சா ஆஸ்பத்திரிவரை போகவேணும்,
ஓட்டோ நிற்கிறது, எண்ணெய் இல்லை.
நான் இறங்கிச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன்.
அரை.
மூன்று லீற்றர்தானே, எடுங்கோ என்றேன்.
குழாயை வாயால் இழுத்தது நான்தான்,
இரண்டு நாள் சோறு பெற்றோல் மணத்தது.
விடிய என் கார் உயிர்க்கவில்லை.
வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு
பதினொரு நாள் நடந்தேன்,
கொறேராவைத் திட்டவில்லை,
முள்ளைத் திட்டினேன்.

முள் சரியாக இருந்திருந்தால்
இல்லை என்று சொல்லியிருப்பேன்.
கூசாமல், உண்மையாகவே,
இல்லை என்று.

அந்த இல்லைக்குப் பிறகு பிறந்திருக்கக்கூடிய இடத்தை
நான் அதிகம் யோசிப்பதில்லை.
பிள்ளை இப்போது படிக்கட்டில்
என் செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டு
டக் டக்கென்று நடக்கிறாள்.

றிஸ்மி நாலாயிரம் கேட்டான், மூவாயிரத்தைந்நூறு எடுத்தான்.
இரண்டாயிரத்துக்குப் பெற்றோல் அடித்தேன்.
முள் எழும்பி, கொஞ்சம் யோசித்து,
காலுக்குச் சற்று மேல் நின்றது.
காலி வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
அதையே பார்த்தேன்.
பம்பலப்பிட்டி தாண்டும்போது இறங்கியிருந்தது,
உள்ளது உள்ளபடி.
கண்ணை எடுக்க முடியவில்லை,
முன்னால் போன வானில் முட்டப் பார்த்தேன்.

கொப்பியை எறியவில்லை.

இரவு, படியில், கொறேரா:
"மீற்றர் சரிவந்திட்டுதாமே?"
"ஓம்."
"இப்ப எவ்வளவு கிடக்கு?"
சும்மா கேட்டார், கேட் பூட்டைக் கொழுவிக்கொண்டு.

கால் இருந்தது.
அரை என்றேன்.