கால் பவுடர்

மூன்றாவது துடுப்பைக் கோணலாக ஒட்டிவிட்டாள் சிக்னி.
பசை இறுகிய பிறகுதான் நான் பார்த்தேன்,
பார்த்ததோடு நிற்காமல் சொல்லியும் வைத்தேன்.
அன்றிலிருந்து மூன்று நாள்
உப்புத்தாளோடு மட்டும் பேசினாள்.

ஞாயிறு காலை, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு.
கனோலா அறுத்த சஸ்காட்செவன் நிலம்,
அரிதாள் எல்லாம் உறைபனி.
குளிரில் பாராசூட் ஒட்டிக்கொள்ளும்,
பவுடர் தூவி மடிக்கவும் என்கிறது பெட்டி.
வீட்டில் இருந்தது
என் பூட்ஸுக்குப் போடுகிற பவுடர்தான்.
தாராளமாய்த் தூவினாள், பழி தீர்ப்பதுபோல்.

எண்ணியது நான். அவள் விரல்களை மடக்கினாள்.
பொத்தான். ஒன்றுமில்லை.
பேட்டரியைக் கக்கத்தில் இடுக்கிப் பத்து நிமிடம் நின்றேன்.
மறுபடி பொத்தான்,
கம்பியில் ராக்கெட் இல்லை.
சீறல் மட்டும் இருந்தது, கந்தக வாடையோடு.
கோணல் துடுப்பு அதைச் சுழற்றியது;
சுழன்றதாலோ என்னவோ
நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று.

பிறகு வெறும் நீலம்.
"போச்சு" என்றேன்.
அவள் கை நீட்டிய இடத்தில்
ஒரு பிடி வெள்ளை வெடித்து, கலையாமல் நின்றது:
எண்ணூறு அடி உயரத்தில்
என் பாதங்களின் பவுடர்.
அதற்குக் கீழே, ஆடியபடி, செம்மஞ்சளாய் ஒரு புள்ளி.

காற்று அதை ஹால்வர்சன் நிலத்துக்குத் தள்ளியது.
வேலி தாண்டி ஓடினாள்.
முள்கம்பியில் தங்கிவிட்ட ஒற்றைக் கையுறையை
நான் எடுத்து வைத்திருந்தேன்.

மூக்குக்கூம்பில் மண். துடுப்புகள் முழுசாக.
மூச்சிரைக்க என் முகத்துக்கு நேரே நீட்டி,
"மோந்து பார்" என்றாள்.

கருகிய தாள், கொஞ்சம் புதினா,
கொஞ்சம் நான்.