ஒன்பது நொடி

பள்ளி மதிலில் தொடங்கி
சோளம் அரைக்கும் ஆலை வாசல் வரை
நூறு மீட்டர்.
கயிறு பிடித்து அளந்தவன் ஹமூங்கா.
நடுவில் ஒரு கழுதை படுத்திருந்தது.
அதைச் சுற்றிக் கயிறு வளைந்துவிட்டதால்
மறுபடி அளந்தோம்.

லூசாகாவிலிருந்து லிவிங்ஸ்டன் போகிற எல்லா அவசரமும்
எங்கள் சோமா ஊரைக் கிழித்துக்கொண்டுதான் போகும்.
பலகை சொல்கிறது: நாற்பது.
பலகையை யாரும் படிப்பதில்லை,
அதனால் அதை நொடியாக மாற்றினோம்.
ஒன்பது நொடிக்குள் கடக்கிற வண்டி
எங்கள் நோட்டில் ஏறும்.

கடிகாரம் என்னிடம்.
விளையாட்டு ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கியது,
பொத்தான் சில நேரம் சிக்கும்.
பென்சில் லுயாண்டோவிடம்.

தாமிரம் ஏற்றிய லாரி: ஆறு.
கோழிக்கூண்டு ஏற்றிய பிக்கப்: ஏழரை.
சாலைப் பாதுகாப்பு வாரத்தின் பதாகையை
நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்த அரசாங்க ஜீப்: ஐந்து.
சிரித்துச் சிரித்து
பென்சில் முனையை உடைத்தாள் லுயாண்டோ.

சனிக்கிழமைகளில் பேருந்து நிலையத்தில்
பட்டியலை உரக்க வாசிப்போம்.
முதல் வாரம் ஆரஞ்சுத் தோல் பறந்து வந்தது.
பால்குடி மறக்காத போலீஸ் என்றார்கள்.
இரண்டாம் வாரம் ஓட்டுநர்கள்
தங்கள் எண் வருகிறதா என்று காதைக் கொடுத்துவிட்டு
கேட்காதது போல் டயரை உதைத்தார்கள்.

இதை எதற்குத் தொடங்கினோம் என்று
யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.
மூனோ, ஒன்றாம் வகுப்பு.
பாதிச் சாலையில் செருப்பு கழன்றது.
எடுக்கத் திரும்பினாள்.

அவ்வளவுதான் சொல்வேன்.
கூட்டங்களில் மேலும் சொல்லச் சொல்கிறார்கள்.
மாட்டேன்.

ஒரு செவ்வாய், மதியம் தாண்டி,
நீல மினிபஸ்.
இடப்பக்கம் சாய்ந்து ஓடும், தூரத்திலேயே தெரியும்.
பின்கண்ணாடியில்
'ஆண்டவன் நேரமே நல்ல நேரம்'.
அந்த எழுத்தை ஒட்டியபோது
நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னவள் நான்.

நான்கு புள்ளி ஒன்று.
பத்து நாளில் இதுதான் அதிகம்.

"எண்?" என்றாள் லுயாண்டோ.

எண் தெரியும்.
என் சீருடை, என் காலணி,
கடிகாரம் பிடித்த இந்தக் கை தின்ற களி
எல்லாம் அந்த எண்ணில் வந்தவை.
பொழுது சாய்வதற்குள் முதலாளிக்கு எண்ணி வைக்க வேண்டும்,
மிச்சம்தான் எங்களுக்கு.
எங்கள் வீட்டில் மிச்சத்துக்கு இன்னொரு பெயர் வேகம்.

பொத்தான் சிக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.
சில நேரம் சிக்கும்தானே.

லுயாண்டோவுக்கும் எண் தெரியும்.
தெரிந்தே கேட்டாள், தலை நிமிராமல்.

சொன்னேன்.

அன்றிரவு அண்ணன் சோல்வே
களியை உருட்டினான், உருட்டினான்,
வாயில் வைக்கவில்லை.
"நீயே வாசிப்பாயா, வேறு யாராவதா?"
"நானே."
"சத்தமாக வாசி. அங்கே ரேடியோ அலறும்."
கோபமா கேலியா
இன்றுவரை பிடிபடவில்லை.

வாசித்தேன்.
கடைசி இரண்டு இலக்கத்தில் குரல் உடைந்தது.
அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
துடைத்த இடத்தையே.

அடுத்த செவ்வாயும் நீல மினிபஸ் வந்தது.
ஏழு.
இன்னும் குற்றம்தான்.
லுயாண்டோ என் முகத்தைப் பார்த்தாள்.
எழுது என்றேன்.

பிறகு ஹமூங்கா கொடியை நீட்டினான்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடந்தார்கள்.
ஒரு பொடியன் நடுச்சாலையில் நின்று
செருப்பைக் கழற்றி, கல்லைத் தட்டி,
கல் எங்கே விழுந்தது என்று தேடி,
கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டி
அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான்.

கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தேன்.

முப்பத்தி இரண்டு.