ஏ மூன்றரை

பல்லடம் சாலையில்
பெயின்ட் போகாத ஒரு வேகத்தடையில்
கருணாம்பிகைக்கு முன்பல் உடைந்தது.
உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து வந்திருந்தாள்.
ஒட்டாதும்மா, என்றேன்.
'ஒட்ட வேண்டாமுங். நிறம் பாக்க ஆகுமுங்.'

நிறச்சீப்பை எடுத்தேன்.
பதினாறு பற்கள், பதினாறு குச்சிகளில்,
யாருடைய சிரிப்பிலும் இருந்திராதவை.
ஏ என்றால் செம்பழுப்பு, பி கொஞ்சம் மஞ்சள்,
சி சாம்பல், டி இரண்டுங்கெட்டான்.
அவள் எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தாள்.
என் கிளினிக்கில். என் சுவிட்சை.

'இந்த லைட்டு நீலம் எச்சுங். சன்னலுக்கு வாங்.'

சாயப்பட்டறை லேப்பில் பதினேழு வருஷமாம்.
பீக்கரில் பருத்தியை முக்கி முக்கி
கடல்தாண்டி இருக்கிற யாரோ கேட்ட பச்சையை
இங்கே பிடித்துத் தருகிற வேலை.
போட்டிருந்த கிளிப்பச்சைத் துப்பட்டாவை
அவளே சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.
'அஞ்சு எண்றதுக்குள்ள சொல்லிப்போடுங்.
அப்பறம் செவுத்தைப் பாருங்.
கண்ணு இருக்குதே, சீக்கிரம் சமாதானமாயிரும்.'

இதையே கல்லூரியில் எனக்கும் சொன்னார்கள்.
நான் எழுதி வைத்துக்கொண்டேன்,
அவ்வளவுதான்.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வார்த்தை:
வாயை மூடி நனைச்சுக்குங்க,
காய்ஞ்ச பல் வெள்ளையாய்ப் பொய் சொல்லும்.
யோசித்தாள். 'துணியும் அப்படித்தானுங்.
நாங்க காய வெச்சுப் பாப்போம்,
நீங்க நனைச்சுப் பாக்கறீங்.'

கழுத்தருகே ஏ நான்கு. நடுவில் ஏ மூன்றரை.
நுனியில், கண்ணாடி மாதிரி ஒரு சாம்பல்.
குறுக்கே
வெள்ளகோவில் பக்கத்துப் போர்த்தண்ணீர்
அவள் பால்பல் விழும் முன்னமே எழுதிவிட்ட
பழுப்புக் கோடு.

ஏ ஒன்றில் செய்துவிடலாம், என்றேன்,
மற்ற மூன்றையும் வெளுத்துவிட்டால்
ஒரே மாதிரி ஆகிவிடும். ரொம்பச் செலவில்லை.

'பக்கத்துல தைக்கற பீஸு இதுங்.
இந்த லாட்டுலயே குடுங்.'

காகிதத்தில் பல்லை வரைந்து
ஒரு தாலுகா வரைபடம் போல எல்லை போட்டு
கோயமுத்தூர் லேபுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.
ஆரோக்கியதாஸ் போனில் சிரித்தான்:
'கறைய எடுக்கத்தான் டாக்டர் காசு குடுப்பாங்க.'

பத்து நாளில் வந்தது. வைத்துப் பார்த்தேன்.
அச்சு.
எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.
அவள் கைக்கண்ணாடியோடு படியிறங்கித் தெருவுக்குப் போனாள்.
பக்கத்து செல்போன் கடைக்குள் போனாள்.
கடைக்காரர் முன்னால் ஈறு தெரிய நின்றாள்.
திரும்பி வந்தாள்.

'வெயில்ல சரிங். கடை லைட்டுல செவப்பு ஏறுது.
அரை டோன்.'

அரை டோன் குறையும்வரை
அவள் ஒரு மாதம் இடைவெளியோடு சிரித்தாள்,
அதாவது சிரிக்காமல் இருந்தாள் என்று நினைத்தேன்.
இல்லையாம். தங்கச்சி வளைகாப்பு போட்டோவில்
அத்தனை பல்லும், அந்தச் சந்தும், பளிச்சென்று.

இரண்டாவது பல் மூன்று வெளிச்சத்திலும் நின்றது.
என் சட்டைப்பை பேனாவை எடுத்து
கேஸ் ஷீட்டில், நான் கையெழுத்துப் போடுகிற இடத்தில்,
ஓகே என்று எழுதி, தேதி போட்டு, சுழித்தாள்.
சிமென்ட் இறுகியது.
நான்கு பல்லையும் கடந்து போனது பழுப்புக் கோடு,
எங்கும் அறுபடாமல்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு
வாசலில் நின்றாள். 'ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்கமாட்டீங்களே?
உங்க கோட்டு ரெண்டு லாட்டுங்.
கை வேற, ஒடம்பு வேற.'

மூன்று வருஷமாய் அதைத்தான் போடுகிறேன்.
சன்னலோரம் கழற்றிப் பிடித்தேன்.
ஐந்து எண்ணினேன்.
சுவரைப் பார்த்தேன். மறுபடி கோட்டைப் பார்த்தேன்.

தெரிந்தது.
அதற்கப்புறம் ஒரு நாளும்
தெரியாமல் போகவில்லை.