கழிவு

எவுப்பிறாசியா என்று எவரும் என்னைக் கூப்பிட்டதில்லை.
ராசி.
பாசையூரில் அந்தப் பெயருக்கு ஒரு விலை இருந்தது.
ராசியின் கை என்றார்கள்,
அவள் பிடித்தால் சீட்டு முறியாது என்றார்கள்.
நானும் நம்பினேன்.

இருபத்தொரு பேர். மாதம் பத்தாயிரம்.
ஐந்தாந் திகதி பின்னேரம் என் வீட்டில் ஏலம்.
கழிவு கேட்கும் குரல்கள் மீன் விலைபோல ஏறும்:
முப்பது, முப்பத்திரண்டு,
பிள்ளைக்கு விசா வந்திட்டுது அக்கா, நாப்பது.
கிளமென்சியா மட்டும் கேட்கவே மாட்டாள்.
நண்டுக் கொம்பனியில் சதை பிரித்துப் பிரித்து
விரல் நுனியெல்லாம் வெடிப்பு.
கடைசிச் சீட்டுத்தான் எனக்கு, கழிவில்லாமல் முழுசாய், என்பாள்.

முதற்சீட்டை எடுத்தவள் பிரான்சுக்குப் போனாள்.
அவளைச் சொல்லித் தப்பலாம்.
அவள் போவதற்கு முன்பே
ஒரு சீட்டின் காசால் இன்னொன்றை அடைத்துக்கொண்டிருந்தேன்,
தம்பியின் படகு எஞ்சினுக்கு லீசிங் கட்டினேன்,
கொப்பியில் பச்சைப் பேனையால் பொய் எழுதினேன்.
பச்சை ஏனென்றால், நீலம் முடிந்திருந்தது.

பதினாலாம் மாதம் முறிந்தது.

மதிலில் கரியால் எழுதினார்கள்: கள்ளி.
சுண்ணாம்பு அடித்தேன்.
மாரியில் சுவர் ஊற
சொல் மெதுவாய் மேலே வந்தது,
தாண்டது மிதப்பதுபோல.

பூசைக்குப் போவேன். நன்மை எடுக்கமாட்டேன்.
எல்லாரும் எழும்பிப் போகையில்
ஒன்பதாம் தலத்துக்குக் கீழே இருப்பேன்.
மூன்றாந்தரம் விழுகிறார்.
முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை,
கையைப் பார்த்தேன்.
தரையில் ஊன்றிய சாந்துக் கை.
ஒரு விரல் உடைந்து
உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது.
இந்தக் கையை நம்பி
யார் சீட்டுக் கட்டுவார்கள் என்று நினைத்தேன்.
பிறகு அழுதேன்.
ஏனென்று இப்போதும் சரியாய்ச் சொல்லத் தெரியாது.

பாவசங்கீர்த்தனத்தில் தொகையோடு சொன்னேன்.
சுவாமிக்குத் தடிமன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.
மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்,
காசைத் திருப்பிக் கொடு என்றார்.
அவ்வளவுதானா?
வாழ்நாளெல்லாம் கழிவு பார்த்த எனக்குப்
பயமாக இருந்தது.
ஒரு மாதமும் கட்டாத சீட்டு
என் பேருக்கு விழுந்திருந்தது,
முழுசாய்.

ஐஸ் கொம்பனி வேலைக்கு
அடையாள அட்டையில் பேர் பிழை என்றார்கள்.
ஞானஸ்நானப் பத்திரம் எடுக்கப் போனேன்.
இடப்பெயர்வில் மண்ணுக்குள் கிடந்து வந்த புத்தகம்,
ஓரமெல்லாம் பூச்சி தின்ற துளை.
மரிய எவுப்பிறாசியா.
பிறந்து பன்னிரண்டாம் நாள்.
தகப்பன்: கடற்றொழில்.
நான் என்ன செய்தேன் என்று எழுத
அதில் ஒரு கட்டமும் இல்லை.
எதையும் கட்டுவதற்கு முன்,
எதையும் முறிப்பதற்கு முன்,
தலையில் தண்ணீர் வார்த்து எழுதிய பேர்.
ராசி அதற்குள்ளிருந்து உடைந்து விழுந்த துண்டு.
ராசியை விட்டுவிட்டேன். போகட்டும்.

கடன் போகவில்லை.
சனிக்கிழமைகளில் வீடு வீடாய்ப் போகிறேன்.
சிலர் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள்.
சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள், அது நியாயம்.
புதுக் கொப்பி, நீலப் பேனை.
கையெழுத்திடுகையில் முழுப்பெயரும் எழுதுகிறேன்.
நீளம், வரிக்குள் அடங்குவதில்லை.

கிளமென்சியா ஒரு வருசமாய் என்னோடு கதைப்பதில்லை.
போன கிழமை
ஆயிரத்தைந்நூறை எண்ணினாள்.
இன்னொருக்கால் எண்ணினாள்.
ஒரு தாளை உருவி என் கைக்குள் வைத்து
நூறு கூட, என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

தாளில் நண்டு மணக்கிறது.
மாற்றாமல் வைத்திருக்கிறேன்.
வாற சனி
அதையே திரும்ப அவளிடம் கொடுப்பேன்.