நடந்த வரிசை

கஃப்ஜிக்கு அப்பால், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்
நங்கூரமிட்ட பார்ஜ். நான் டைம் கீப்பர்.
யார் எத்தனை மணிக்கு ஏறினான், எப்போது இறங்கினான்
எல்லாம் என் தாளில் இருக்கும்.
அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கையும் என்னிடமே கொடுத்தார்கள்.

அல்கோபாரில் ஒரு பிலிப்பினோ ரிக்கரிடம்
நாற்பது ரியாலுக்கு வாங்கியது. பதினேழு படம்,
ஒரே நாயகர் கூட்டம். பெயர்கள் இல்லை, எண்களும் பொய்.
ஒன்றில் சாம்பல் பருந்து கிழவன்.
நான்கில் செத்தான்.
ஆறில் பள்ளிக்கூடப் பையோடு ஓடினான்.

தழும்பைப் பிடித்துக்கொண்டோம்.
இடது புருவத்தில் தழும்பு இருந்தால்
பாலம் இடிந்ததற்குப் பிறகு.
காந்தக்காரிக்கு இரண்டு கையும் இருந்தால்
அதற்கு முன்பு.
தழும்பும் இருக்கிறது, இரண்டு கையும் இருக்கிறது என்றால்?
சபூர் கரீம் ஓர் இரவு முழுக்க யோசித்துச் சொன்னார்:
"ஒரு கை ரப்பர்."
வில்லன் அறைச் சுவரில் நாட்காட்டி.
நிறுத்திப் பெரிதாக்கினோம். மாதம் தெரிந்தது,
வருடத்தை ஒரு அடியாள் தலை மறைத்தது.
மயில்வாகனம் அந்தத் தலையை நகரச் சொல்லித் திட்டினான்.

பழைய டைம் ஷீட்டின் பின்பக்கம்
இரண்டு பத்தி போட்டேன்:
வந்த வரிசை. நடந்த வரிசை.

வந்த வரிசைக்கு இன்னாசி ஒருவன்தான் கை தூக்கினான்.
"எடுத்தவனுக்குத் தெரியாதா, எத முன்னால சொல்லணும்னு?
செத்தவன் சின்னப்பிள்ளையா ஓடுறதப் பாத்தாதாம்ல நெஞ்சு வலிக்கும்.
ஒழுங்கா அடுக்கிட்டா அது உன் டைம் ஷீட்டு."
மூன்றுக்கு ஒன்று.
தோற்றவன் தேநீர் போட வேண்டும். போட்டான்.

இருபத்தெட்டாம் நாள் க்ரூ போட்டில் திரும்பினோம்.
கரைக்கு நாற்பது நிமிடம் இருக்கையில்
பைகளுக்குள் போன்கள் ஒவ்வொன்றாகத் துடிக்கும்,
பிறகு அடங்கும்.
இன்னாசியுடையது அடங்கவில்லை.

திரையில் முதலில் வந்தது கடைசிச் செய்தி:
ஏழாம் நாள் பூசையும் முடிஞ்சிட்டு. நீ உடம்பப் பாத்துக்கோ.

கட்டைவிரலால் காலத்தைக் கீழே இழுத்தான்.
சிலுவை நட்ட ஈரமண்.
ஆபீஸ் நம்பர் யாரும் எடுக்கல.
நீ எப்ப கரைக்கு வருவன்னு கேட்டுட்டே இருக்கான்.
ஐசியூ.
லேசா நெஞ்செரிச்சல்தான், பயப்படாத.
எல்லாவற்றுக்கும் மேலே
அண்ணன் அமலதாஸே அனுப்பியது, கையில் மீனோடு:
லேய் பாத்தியா, ஒத்த சீலா, பதினோரு கிலோ.

அங்கே நின்றான்.
அங்கிருந்து மெல்ல இறங்கி வந்தான்.
நெஞ்செரிச்சல் வரை வந்துவிட்டு
மறுபடி மீனுக்குப் போனான்.
மூன்று தடவை. நான் எண்ணினேன்,
எண்ணுவதைத் தவிர எனக்கென்ன தெரியும்.

அன்றிரவு தாளைப் புரட்டினேன்.
பதினான்காம் தேதி. இன்னாசி, ஸ்காஃபோல்டர்.
வருகை. பத்து மணி நேரம். ஓவர்டைம் இரண்டு.
பக்கத்தில் அவன் கையெழுத்து, வால் நீட்டி.
அன்று ஒன்பதாவது படம் பார்த்தோம்.
மேல்கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கிச் சிரித்தவன் அவன்.
அந்தச் சிரிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஊருக்குப் போகவில்லை. "போயி என்னத்துக்கு,
எல்லாம் முடிஞ்சிட்டே."

அடுத்த முறை கடலுக்குப் போனபோது
படப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.
ஐந்தாம் நாள் நான்கு டம்ளரோடு அவனே வந்தான்.
யாரும் தோற்றிருக்கவில்லை.
"அந்தப் பள்ளிக்கூடப் பைய போடு."
"அது முதலிலேயே பார்த்தாச்சே" என்றான் மயில்வாகனம்.
சபூர் கரீம் அவன் தொடையில் தட்டினார்.

பையன் படிக்கட்டில் ஒன்றுவிட்டு ஒன்று தாவி இறங்கினான்.
புருவத்தில் ஒன்றுமில்லை.
"பாவிப்பய" என்றான் இன்னாசி,
"இவனுக்கு இன்னும் தெரியாது."