கோடு போட்ட ஏழு

முட்டையைத் திருப்பக் கூடாது.
இட்ட நாளில் எது மேலோ
பொரியும்வரை அதுவே மேல்.
புரண்டால் உள்ளே இருப்பது
தன் மேலேயே கவிழ்ந்து மூழ்கிவிடும்.
அதனால்தான் ஜெமோவித் பென்சிலால் எண் போட்டான்
ஒவ்வொன்றின் உச்சியிலும்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ஒன்றிலிருந்து பதினாறு.
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.
எங்கள் நாட்டில் எல்லோரும் போடுவதுதான்;
அவனுடையது மட்டும் கொஞ்சம் நீளம்.

பிரிவினையில் சண்டை வரவில்லை.
சலவை இயந்திரம் அவனுக்கு.
வெப்ப விளக்குகள் அவனுக்கு.
ஹெட்மனும் அவனுக்கு:
கிளையில் நீலமும் செங்கல் சிவப்புமாய் இருந்தபடி
ஒரு கண்ணால் என்னையும்
மறு கண்ணால் வாசலையும் பார்த்த
ஆண் பச்சோந்தி.
மால்வா யாருக்கும் இல்லை.
மூன்று நாள் மணலைத் தோண்டி, இட்டு, மூடி,
மேலே ஒன்றுமே நடக்காததுபோல் சமன் செய்துவிட்டு
ஒன்பதாம் நாள் கிளையிலிருந்து விழுந்தாள்.
முட்டைகள் எனக்கு.
"உனக்குத்தான் பொறுமை உண்டு" என்றான்.
எட்டாண்டில் அவன் சொன்ன
ஒரே புகழ்ச்சி. அதுவும் தப்பு.

வூச் நகரிலிருந்து ரயில்,
பால்டிக் கரையில் கிதினியா வரை.
ஜனவரி. வெளியே மைனஸ் பதினொன்று.
மடியில் டப்பா, டப்பாவைச் சுற்றிக் கம்பளி,
கம்பளிக்குள் வெதுவெதுப்பான தண்ணீரோடு
வெள்ளரி ஊறுகாய் ஜாடி.
குட்னோவில் விரல் நுழைத்துப் பார்த்தேன்.
பிட்கோஷ்சில் மறுபடி.
கண்ணயரவில்லை. கழிப்பறை போகவில்லை.
வண்டி வளைவில் சாயும்போதெல்லாம்
நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்,
விளிம்புவரை ஊற்றிய சூப்புக் கிண்ணத்தை
மடியில் வைத்திருப்பவளாய்.
"கசகசா கேக்கா?" என்றான் எதிர் இருக்கைப் பையன்.
"பச்சோந்தி. பதினாறு."
கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான்.
டிக்கெட் பரிசோதிக்க வந்தவள் மட்டும் குனிந்து பார்த்து
"ஒன்றுக்குக்கூட டிக்கெட் இல்லையே" என்றாள்,
பிறகு ஹீட்டரை ஒரு புள்ளி கூட்டிவிட்டுப் போனாள்.

பச்சோந்தி என்பது வசை.
கட்சி மாறுகிறவனை, பேச்சு மாறுகிறவனை
அப்படித்தான் திட்டுகிறார்கள்.
வளர்த்துப் பார்த்தால் தெரியும்.
கோபம் வந்தால் கோபம் தோலில் நிற்கும்.
சினையாகிவிட்டால்
கறுப்பும் ஆரஞ்சுமாய்
கிட்டே வராதே என்று உடம்பெல்லாம் எழுதிக்கொள்ளும்.
மறைக்கத் தெரியாத பிராணி அது.
நான் கூட வாழ்ந்தது வேறொன்றோடு:
விடிந்தாலும் விளக்கணைத்தாலும்
ஒரே சாம்பல்.

அக்கா போஜெனாவின் துணி அலமாரியில்
பனிக்கால பூட்ஸ்களுக்கு மேல்தட்டில்
இருட்டில் இருந்தன.
நான்காம் எண்ணில் பூஞ்சை.
பதினொன்று மஞ்சளாகிச் சுருங்கியது.
துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது.
பன்னிரண்டும் போனது.
மிச்சமிருந்தவை நீர் குடித்துப் பருத்தன,
அவற்றோடு எண்களும் பருத்தன.
அவன் கையெழுத்து வாராவாரம் பெரிதாயிற்று.
அழித்திருப்பேன்.
ரப்பரை அழுத்தினால் முட்டை உருளும்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், ஏழு வியர்த்தது.
தோலெங்கும் முத்து முத்தாய்.
மறுநாள் நுனியில் நட்சத்திரக் கிழிசல்,
குறுக்குக் கோட்டின் ஓரம்வரை.
அங்கே ஒரு மூக்கு.
நான்கு மணி நேரம் மூக்கு மட்டும்.
அப்புறம் தேயிலைத் தூள் நிறத்தில்
முழுசாய் வெளியே வந்து
என் சுண்டுவிரல் நகத்தில் வாலைச் சுற்றிக்கொண்டது.
ஒரு கண் என் மேல்.
மற்றது பின்னால், கிழிந்த ஓட்டின் மேல்.

அந்த வாரம் அவனே போன் செய்தான்,
ஏதோ வங்கிக் காகிதத்துக்காக.
கடைசியில், "ஏதாவது வந்ததா?"
"ஏழு" என்றேன்.
"ஏழா!"
குரல் மாறியது.
அப்படி ஒரு நிறம் அதில் இருந்தது
எனக்குத் தெரியாது.
நான் திருத்தவில்லை.
ஹெட்மனிடம் சொல்கிறேன் என்றான்.

பழ ஈக் குப்பியைத் தட்டி
மூடியைத் திறந்தேன்.
அலமாரியில் பதிமூன்று
லேசாக ஈரமாய் இருந்தது,
அல்லது என் விரல்.